நடு ஆற்றில் விட்ட வழி

விடியும் முன்பே கல் ஏற்றத் தொடங்கினோம். பனியில் நனைந்த கருங்கல் வழுக்கி வழுக்கி விரல் நகத்தைப் பெயர்த்தது. கரையிலிருந்து கைமாறி வந்த ஒவ்வொன்றையும் என் படகின் வயிற்றில் நானே அடுக்கினேன். நான் பிறந்ததும் என் மூன்று பிள்ளைகளைப் பெற்றதும் அந்தப் படகில்தான். படகுச் சனங்களான எங்களுக்குக் கரையில் ஒரு முழ நிலம் கிடையாது.

ஜப்பானியரின் போர்க்கப்பல்கள் எங்கள் சீனத்து முத்து நதியின் முகத்துவாரத்தில் நின்றன. அவை உள்ளே வராதபடி ஆற்றை அடைக்க, கல்லேற்றி மூழ்கடிக்க வேண்டியவை இரு ஓரங்களிலும் எங்கள் நாற்பது படகுகள்; ஆழமான நடுவில் லோ முதலாளியின் நீராவிக் கப்பல். அதுதான் ஏற்பாடு. "நாட்டுக்காக என் கப்பலும் மூழ்கும்" என்று அவர் மார்தட்டினார். நம்பினோம். மூன்று நாளில் முப்பத்துநாலு படகுகள் அடியில் போய்விட்டன. மிச்சம் ஆறு.

அன்று காலை துறையில் அவர் கப்பல் புகைவிட்டது. பட்டு மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. ஜப்பானியர் தொடாமலிருக்க, பக்கவாட்டில் வேறொரு நாட்டுக் கொடியை வரைந்துகொண்டிருந்தார்கள். கல்லைப் போட்டுவிட்டு எல்லோரும் துறைக்கு ஓடினோம்.

"முதலாளி, கப்பல் எங்க கெளம்புது?" என்று கேட்டேன்.

"மக்காவுக்கு, அங்க சண்டை கிடையாது. ஏற்பாடு மாறிடுச்சு சுய்-லின். இரும்புக் கப்பல் நாளைக்கு நாட்டுக்கு உதவும். உங்களுது வெறும் பலகைதானே?"

"அந்தப் பலகையிலதான்யா எங்க அடுப்பு, எங்க தொட்டில், எங்க சாமி எல்லாம் இருந்துச்சு! நடுவுல வழி விட்டா எதிரி அதுல வரமாட்டானா?"

மூங்கில் தோணிக்காரன் குவோக் ஃபுக் மேல்தளத்தைக் காட்டினான். "நாட்டுக்கு உதவுற கப்பல்ல எதுக்கு முதலாளி உங்க சம்சாரத்தோட கண்ணாடி அலமாரி? அதுவும் சண்டைக்குப் போகுதா?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். லோவின் முகம் கறுத்தது.

"மரியாதையாப் போய் மிச்சப் படகையும் மூழ்கடிங்க. இல்லேன்னா துரோகின்னு கட்டி வெச்சுச் சுடுவாங்க."

பக்கத்தில் நின்ற ராணுவ அதிகாரி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் ஆ-யின் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் படகு முதல் நாளே போனது. "என் கையாலயே உளி பிடிச்சு ஓட்டை போட்டேனே அக்கா! அவனை நம்பித்தானே போட்டேன்!"

அவள் கையைப் பிடித்துத் தூக்கினேன். "எந்திரிடி. மூழ்கடிக்க மாட்டோம்னு யாரும் சொல்லல. அவன் கப்பல் முதல்ல மூழ்கட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் உளியைத் தொடக்கூடாது."

ஆறு படகுகளையும் நடு ஆற்றுக்குத் தள்ளினோம். கல் பாரத்தில் விளிம்புவரை தண்ணீர் தளும்பியது. நங்கூரம் போட்டு, ஒன்றோடொன்று கயிறு கட்டி, குறுக்கே நின்றோம். கப்பல் ஊதிக்கொண்டே துறையை விட்டு நகர்ந்தது. கரையில் சிப்பாய்கள் துப்பாக்கியை எடுத்தார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். படகை இழந்தவர்கள் கதவுப் பலகையிலும் மரத்தொட்டியிலும் மிதந்து வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஆ-யின். கைகொடுத்து ஏற்றினோம்.

"தீயைக் கூட்டுடா! இடிச்சுட்டுப் போ!" என்று லோ கத்துவது கேட்டது.

உலைக்குக் கரி தள்ளுகிறவன் மேலே ஏறி வந்தான். எங்களை ஒரு தரம் பார்த்தான், கையிலிருந்த கரி வாரியைக் கீழே போட்டான். கப்பல் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு உலைக்காரன் வந்து உட்கார்ந்தான்.