ஆரவல்லியில் பின்னணிக் குரல்

தீனாவை எனக்குப் பிடிக்காமல் போனதற்குத் தனியாகக் காரணம் எதுவும் இல்லை. அவன் நல்ல பையன். அதுதான் முதல் குறை.

எங்கள் தில்லிக் கல்லூரித் தமிழ் மன்றத்துக்கு மது வீடியோ எடுப்பாள். பின்னணிக் குரல் நான். இரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. மது துவாரகாவில் பிறந்தவள், தமிழ் பேச ஓரளவு வரும், படிக்க வராது. நானும் ஆர்.கே.புரத்தில் பிறந்தவன்தான். ஆனால் அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் தமிழ்ப் பத்திரிகையை உரக்க வாசிக்கவைத்து என்னைப் பழிவாங்கியிருந்தார். அந்தக் கொடுமைக்குக் கிடைத்த பலன், வீடியோவை வெட்டி ஒட்டி முடிக்கும்வரை மதுவின் பக்கத்து நாற்காலி. இதற்காகத் தமிழை இன்னும் நூறு வருடம் வாழவைக்கத் தயாராக இருந்தேன்.

பரமக்குடியிலிருந்து முதலாம் ஆண்டுக்கு வந்து சேர்ந்தான் தீனா. மன்றத்தில் எழுந்து "வணக்கம்" என்றான். அவ்வளவுதான்.

"வாய்ஸ் எவ்ளோ நல்லா இருக்கு, இல்ல?" என்றாள் மது.

என் குரலைப் பற்றி இரண்டு வருடத்தில் அவள் சொன்ன ஒரே கருத்து, "மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லு" என்பது.

அடுத்த வீடியோ, துக்ளகாபாத்துக்கு அப்பால் மலைமேல் உள்ள அசோலா வனவிலங்குச் சரணாலயம். தீனாவையும் வரச்சொல்லியிருந்தாள். "யார் பேசறதுன்னு அங்க போய் பாத்துக்கலாம்" என்றாள் பொதுவாக.

வாசலில் வனக்காவலர் ஒருவர் எங்களுடன் சேர்ந்துகொண்டார். தீனா சுற்றிலும் பார்த்தான்.

"மலை எங்கண்ணே?"

"நீ நிக்கறதே மலைதான். ஆரவல்லி."

எங்கள் வீட்டுப் பக்கத்து மலை மந்திர் முருகன் நிற்பதும் இதே மலைத்தொடரின் வால்தான், ஆகவே எனக்கு இதில் பங்காளி உரிமை உண்டு என்றும் சொன்னேன். பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட இந்தப் பங்கை வந்து பார்த்ததில்லை என்பதைச் சொல்லவில்லை.

முதல் புதரிலேயே தீனா நின்றுவிட்டான். "அட, நம்ம கருவை."

"விலாயதி கீக்கர்" என்றார் காவலர்.

"எங்கூர்ல சீமைக்கருவேலம்பாங்க மது. கம்மாய் பூரா இதுதான்."

கவனியுங்கள். எனக்கும் மதுவுக்கும் ஒரே வயது. நான் அண்ணன், அவள் வெறும் மது.

தீனாவுக்குத் தெரிந்த இந்தி ஒரே சொல், அச்சா. காவலர் எதைச் சொன்னாலும் அதையே சொன்னான். அரைமணி நேரத்தில் இருவரும் ஒன்றாகப் பள்ளியில் படித்தவர்கள் மாதிரி நடந்தார்கள். இலக்கண சுத்தமாக இந்தி பேசும் என்னிடம் காவலர், சத்தம் போடாமல் வரும்படி கேட்டுக்கொண்டார்.

பழைய குவாரிப் பள்ளத்தில் தேங்கிய நீல ஏரியின் மேல்கரையில் மது கேமராவை முக்காலியில் பொருத்தினாள். எழுதிக்கொண்டுவந்ததை எடுத்து, நெஞ்சை நிமிர்த்தி வாசித்தேன். "வறண்ட நிலத்தாய் போர்த்திய பசும்பட்டே..."

புதருக்குள் ஏதோ கத்தியது.

"ஸ்ஸ்... கௌதாரி" என்றான் தீனா தணிந்த குரலில். "சோடியாத்தான் மேயும். இந்தா, இன்னொண்ணு பதில் சொல்லும் பாருங்க."

இன்னொன்று பதில் சொன்னது. மதுவின் கையிலிருந்த மைக் என் வாயைவிட்டு அவன் வாய்க்கு நகர்ந்தது. பட்டுத் தாய் பாதியில் நின்றாள்.

தில்லித் தமிழர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்டோக்காரர், மெட்ரோவில் காலை மிதித்தவர், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அழுகின முருங்கைக்காயைத் தள்ளிவிடப் பார்ப்பவர், யாராக இருந்தாலும் அவர் முகத்துக்கு நேரே, சிரித்தபடியே, தமிழில் திட்டிக்கொள்வோம். ரொம்ப வசதி. குழந்தையிலிருந்து செய்வதால் யோசிக்கவே தேவைப்படாது. நானும் யோசிக்கவில்லை. தீனாவை நேராகப் பார்த்து, இனிமையாகச் சிரித்துக்கொண்டே மதுவிடம் சொன்னேன்:

"இந்த மூஞ்சிய எதுக்கு அழைச்சுண்டு வந்தே? கௌதாரியாம். பெரிய வனத்துறை மந்திரி. குரலப் பாரு, தகர டப்பால கூழாங்கல்லப் போட்டுக் குலுக்கினாப்பல. போறச்சே ஏரில தள்ளிட்டுப் போயிடலாம்."

நான் ஏதோ பாராட்டுவதாக நினைத்துக் காவலர் தலையாட்டினார்.

"எனக்கு நீச்சல் தெரியும்ணே" என்றான் தீனா.

கோபமே இல்லை. ஒரு தகவலாகச் சொன்னான்.

அப்போதுதான் உறைத்தது. இவனைத் திட்ட வேண்டிய மொழி இந்தி. தில்லி முழுக்கத் தேடினாலும் இந்தியில் வைது தப்பிக்கக்கூடிய ஆட்கள் அதிகம் அகப்பட மாட்டார்கள். அகப்பட்ட ஒருவனிடம் போய்த் தமிழைச் செலவழித்திருக்கிறேன்.

தாமதமாக வந்த ஞானத்தை உடனே பயன்படுத்தினேன். மதுவை ஒட்டி நின்று, இந்தியில், மெதுவாகச் சொன்னேன்: குரலை அவனுக்குக் கொடுத்துவிடாதே. உன் பக்கத்தில் உட்கார எனக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லுவதாக இல்லை. இந்தியில் எதுவும் சுலபமாக வெளியே வந்துவிடுகிறது.

மது இந்தியிலேயே பதில் சொல்லியிருக்கலாம். சண்டை, அழுகை, கெட்ட வார்த்தை எல்லாமே அவளுக்கு அதில்தான். தமிழில் மூன்றாவது சொல்லுக்குமேல் நொண்டுவாள். ஆனால் தீனாவுக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத் தமிழில் சொன்னாள்.

"ஜேகே, பக்கத்துல உக்காரதுக்கு... காரணம் வேண்டாம். ஆனா இந்த வீடியோக்கு தீனா பேசறான். நீ எழுதறது ரொம்ப ஹெவியா இருக்கு." பிறகு அவன் பக்கம் திரும்பி, "சரியா சொன்னேனா?"

"சரியாத்தான் சொன்ன" என்றான் அவன்.

எந்த வாக்கியத்தைச் சரி என்கிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அண்ணே என்பான்.

காவலர் என் முழங்கையைத் தொட்டு, அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று இந்தியில் விசாரித்தார். அங்கே இரு மொழியும் ஒழுங்காகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வரி விடாமல் மொழிபெயர்த்தேன். காவலர் யோசித்துவிட்டு, அந்தப் பையன் குரல் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.