முகத்துக்கு ஓர் இடம்

1.
இந்தக் கதை ஒரு படத்திலிருந்து திருடியது. செப்புத்தகட்டில் கீறி அச்செடுத்த, முந்நூறு வருஷத்துக்கும் முந்திய படம். ஓவியன் உட்கார்ந்து வரைகிறான். எதிரே ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். பாதிப் படம் வெறும் கோடு. வரைந்தவர் ஏனோ முடிக்கவில்லை. அது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. உடனே தொடங்கினேன்:

பலெர்மோவில் மழை பெய்த ஒரு

(வேண்டாம். மழை வந்தால் கதை அழத் தொடங்கிவிடும்.)

2.
வருஷம் 1996. இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதியில் ஓவிய ஆசிரியை சின்யோரா லூச்சியாவின் வீட்டைத் துப்புரவு செய்பவள் குகனேஸ்வரி. அந்தப் படம் தொங்குவது சின்யோராவின் சுவரில். "அவளைப் போல நில், சேலையோடுதான். உன்னைக் கீறுகிறேன், முதல் அச்சு உனக்கு" என்றார் அவர். குகனேஸ்வரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கொழும்பிலிருக்கும் அம்மாவுக்கு அதை அனுப்பிவிடவேண்டும்.

(புகைப்படம் போதாதா என்கிறீர்களா? அதெல்லாம் அனுப்பியாயிற்று. தன் மகளை ஒருவர் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்துக் கீறினார் என்பதை அம்மா காணவேண்டும்.)

கூறைச்சேலை உடுத்து, பூச்சடை பின்னி வந்து நேரே பார்த்து நின்றாள். சின்யோரா முதுகைக் காட்டித் திரும்பி நிற்கச் சொன்னார்.

"அப்ப என்ரை முகம்?"

"படத்தில் தெரியாது. முதுகுதான் அழகு."

"அம்மாவுக்கு முதுகை அனுப்பவோ?"

(இத்தாலியனில்தான் கேட்டாள். மனதில் ஓடியது இதுதான்.)

3.
இங்கே ஒரு முடிவு எழுதினேன்: முதுகுப்படம் போய்ச் சேர்கிறது, அம்மா சடையைத் தடவி அழுகிறார். அடித்துவிட்டேன். குகனேஸ்வரி என்னைச் சும்மா விடமாட்டாள்.

அவள் செய்தது வேறு. படுக்கையறை நிலைக்கண்ணாடியை இழுத்துவந்து தன் முன்னால் நிறுத்தினாள். பெண்பிள்ளை பெரியவளானதும் எடுக்கும் எங்கள் ஊர்ச் சாமத்தியப் படங்களில் பூச்சடையும் முகமும் ஒன்றாய் விழுவது இப்படித்தான்.

கண்ணாடியில் அவள் முகம் வந்தது. பின்னால், மடியில் தகட்டோடு சின்யோராவும் வந்தார்.

"நானுமா?"

"ஓம், நீங்களும்தான். ஆர் கீறினதெண்டு அம்மா கேட்பா."

சின்யோரா அவசரமாகத் தலைமயிரை ஒதுக்கினார். அதைக் கண்டு குகனேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது.

4.
சேலை, சடை, சின்யோராவின் மூக்குக்கண்ணாடி எல்லாம் தகட்டில் ஏறியாயிற்று. முகத்துக்கு விட்ட இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

"சிரிக்காதே, கோடு பிசகும்."

"சிரிச்சால்தான் நான் எண்டு அம்மாவுக்குத் தெரியும்."

சின்யோரா தகட்டில் கீறும் ஊசியைத் தூக்கியபடி என்னைப் பார்க்கிறார். எனக்கு முகம் கீற வராது. கண்காணாத தூரத்திலிருந்து சிரிக்கும் ஒரு முகம் இதை வாசிக்கும் உங்களிடமும் இருக்குமே. ஊசியைப் பிடியுங்கள்.