ஜெயித்த பக்கத்து ஓட்டு

என் தங்கை டெல்ஃபின் கையைத் தூக்கியதும் மொத்தக் கூடமும் அவள் பக்கம் திரும்பியது. பிறகு ஒருத்தி "துரோகி!" என்று கத்தினாள். யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. ராமோனாவின் குரலை ஊரே அறியும். என் அழகு நிலையத்தில் வருடக்கணக்காக முடி பின்னிக்கொண்டு, ஊர் வம்பையெல்லாம் எனக்கு ஒப்பித்தவள் அவள்.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளி வாரியத்தில் ஏழு உறுப்பினர்கள். ஜூனில் கல்வியாண்டு முடிந்ததும் கார்னெட் தெருப் பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைகளை ரயில் பாதைக்கு அந்தப் பக்கமுள்ள பெரிய பள்ளிக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது தலைவர் ரோலண்ட் கிரேடியின் திட்டம். அந்தப் பாதையில் சரக்கு ரயில் வந்து நின்றால் எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. காத்திருந்து அலுத்துப்போன பிள்ளைகள் பெட்டிகளுக்கு அடியில் குனிந்து, புத்தகப் பையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும். என் மகள் ஜொனெல்லுக்கு ஏழு வயது. அவளும் இப்படித்தான் பள்ளிக்குப் போக வேண்டுமா என்று மைக்கைப் பிடித்துக் கேட்டேன். "ரயில் நேரம் வாரியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல, அம்மணி" என்றார் கிரேடி. சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஏழு பேரில் மூன்று பேர் மூடச் சொல்கிறவர்கள், என் தங்கையையும் சேர்த்து நான்கு பேர் கூடாது என்கிறவர்கள். நியாயமாகப் பார்த்தால் பள்ளி பிழைத்திருக்க வேண்டும். ஆனால் பிப்ரவரிக் கூட்டத்துக்கு எங்கள் பக்கத்து நால்வரில் இரண்டு பேர் வரவில்லை. போதகர் எல்ஜின் முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். திருமதி டுவர்சாக் பனிப்புயலில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டார். இரண்டு நாற்காலி காலி என்று தெரிந்ததும், அடுத்த மாதம் வர வேண்டிய தீர்மானத்தை கிரேடி அன்றைக்கே எடுத்துக்கொண்டார். விதிப்படி சரியாம். முந்தின நாளே அறிவிப்பு ஒட்டிவிட்டார்களாம். ஒட்டியிருந்தார்கள்தான், எப்போதும் திறந்தே கிடக்கும் ஒரு கதவுக்குப் பின்னால்.

மூன்றுக்கு இரண்டில் தோற்போம் என்று தெரிந்துதான் போய் உட்கார்ந்திருந்தோம். ஆனால் முடிவு நான்குக்கு ஒன்று என்று வந்தது. கார்னெட் தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, பள்ளியைக் காப்பாற்றுவேன் என்று சொல்லி ஓட்டு வாங்கிய என் தங்கை, மூடச் சொல்கிறவர்களோடு சேர்ந்து கையைத் தூக்கியிருந்தாள்.

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். "என்னடி பண்ணித் தொலைச்ச? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"கத்தாத பெர்னிட்டா அக்கா. சொல்றதைக் கேளு. ஒரு தீர்மானம் நிறைவேறிட்டா, தோத்த பக்கம் ஓட்டுப் போட்டவங்க அதை மறுபடி எடுக்கவே முடியாது. ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்ட ஒருத்தர்தான் 'திரும்பவும் பார்க்கணும்'னு கேட்கலாம். அதுவும் அடுத்த கூட்டத்துல மட்டும். அதைத் தவற விட்டா அவ்வளவுதான்."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் அந்தப் பக்கம் போனேன். எப்படியும் இன்னிக்குத் தோக்கத்தான் போறோம். மார்ச் கூட்டத்துக்கு எல்ஜின் ஐயா வந்துடுவார், டுவர்சாக் அம்மாவும் வந்துடுவாங்க. நான் கேட்பேன். நாலுக்கு மூணுல ஜெயிச்சிடலாம்."

எனக்கு மூச்சு வந்தது. "அடிப்பாவி! இதை ராமோனாகிட்டயாவது சொல்லக் கூடாதா? அங்க கொலைவெறில நிக்கிறாங்க."

"ராமோனாகிட்ட சொன்னா விடியறதுக்குள்ள கிரேடி காதுக்குப் போயிடும். நாளைக்கே அவசரக் கூட்டம் போட்டு, அதே அஞ்சு பேரை உட்கார வெச்சு, அதுதான் அடுத்த கூட்டம்னு கதையை முடிச்சிடுவான். நீ வாயைத் திறக்கக் கூடாது. ஜொனெல் மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த ஒரு மாதம் இருக்கிறதே! டெல்ஃபின் வீட்டுக் கதவில் முட்டை அடித்தார்கள். தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. பாடகர் குழுவில் அவளோடு பாடும் பெண்கள் அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். இதெல்லாம் போதாதென்று கிரேடி பத்திரிகைக்காரர்களிடம் அவளைத் 'துணிச்சலான உறுப்பினர்' என்று பாராட்டினார். புண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவது என்றால் இதுதான். அவள் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தாள். அழுதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ராமோனா முடி பின்ன வருவதை மட்டும் நிறுத்தவில்லை. திட்டுவதற்கு அவளுக்கும் ஓர் இடம் வேண்டுமே.

"உன் தங்கச்சிக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு கேட்டுச் சொல்லேன் பெர்னிட்டா. நானும் என் பிள்ளைங்களை வித்துடலாமான்னு பார்க்கிறேன்."

நான் பின்னலை ஓர் இழுப்பு இழுத்தேன்.

"ஆ! மெதுவாடி! மண்டையோட வந்துடும் போல!"

"வந்தா வரட்டும். உள்ள ஒண்ணும் இல்லையே, சுலபமா வந்துடும்."

கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய மூன்று பிள்ளைகளும் அந்த ரயிலுக்கு அடியில்தான் போகப்போகிறார்கள். அவர்களுக்காகத்தான் என் தங்கை வசவு வாங்குகிறாள். அவளையே ராமோனா விலைபோனவள் என்கிறாள். சத்தியம் மட்டும் குறுக்கே நிற்காவிட்டால் அன்றைக்கு அவளை நாற்காலியோடு தெருவுக்குத் தள்ளியிருப்பேன்.

மார்ச் கூட்டத்துக்கு ஊரே திரண்டு வந்தது. ராமோனா ஐம்பது பேருக்கு டி-ஷர்ட் அச்சடித்துக்கொண்டு வந்திருந்தாள். முன்பக்கம் டெல்ஃபினின் படம், அதற்குக் கீழே 'விலைபோனவள்'. ஆனால் எனக்குக் கண் மேடையில்தான். போதகர் எல்ஜின், நடக்க ஊன்றும் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் திருமதி டுவர்சாக். ஏழு நாற்காலிகளும் நிறைந்திருந்தன. இன்னும் கொஞ்ச நேரம்தான், இந்த ஜனங்கள் எல்லோரும் என் தங்கையின் காலில் விழப்போகிறார்கள் என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

உறுப்பினர்கள் பேசும் நேரம் வந்தது. டெல்ஃபின் மைக்கை இழுத்துக்கொண்டாள். "தலைவர் அவர்களே, சென்ற கூட்டத்தில் கார்னெட் தெருப் பள்ளியைப் பற்றி..."

அவ்வளவுதான். கூடம் வெடித்தது. காலால் தரையைத் தட்டினார்கள், விசிலடித்தார்கள், "இறங்கு! இறங்கு!" என்று கத்தினார்கள்.

நான் எழுந்து நின்றேன். "வாயை மூடுங்க! அவளைப் பேச விடுங்க! தயவுசெஞ்சு பேச விடுங்க!"

ராமோனா என் கையைப் பிடித்து இழுத்தாள். "உட்காருடி. தங்கச்சின்னா உனக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனா இன்னிக்கு அவ ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"முட்டாளே, அவ நமக்காகத்தான்டி..." என்று நான் தொண்டை கிழியச் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

கிரேடி முதலில் டெல்ஃபினைப் பார்த்தார். அடுத்து எல்ஜினை, அதற்கடுத்து டுவர்சாக்கை. அவர் மனசுக்குள் எண்ணிப் பார்ப்பது எனக்குக் கீழேயிருந்தே தெரிந்தது. அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கிறது. எத்தனையோ கூட்டங்களில் சுத்தியலால் மேசையை அடித்து எங்களை அதட்டியிருக்கிற மனிதர், அன்றைக்குச் சுத்தியலைத் தொடவே இல்லை. "அமைதி, அமைதி" என்று தாலாட்டுப் பாடுகிற மாதிரி மூன்று முறை முணுமுணுத்தார். பிறகு, ஒழுங்கு இல்லாததால் கூட்டத்தை முடிப்பதாகச் சொல்லிவிட்டு மைக்குகளை அணைத்தார்.

டெல்ஃபின் நிறுத்தவில்லை. எழுந்து நின்று, அணைந்த மைக்கின் முன்னால் தன் வாக்கியத்தைக் கடைசி வரைக்கும் சொன்னாள். உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. எல்ஜின் நடைச்சட்டத்தால் மேடையை இடித்து ஏதோ கத்தினார். தான் சொன்னதை எழுதிக்கொண்டீர்களா என்று பதிவு எழுதும் அம்மாளிடம் டெல்ஃபின் குனிந்து கேட்டபோது, அந்த அம்மாள் கிரேடியைப் பார்த்துவிட்டு, தனக்கு எதுவும் காதில் விழவில்லை என்றாள். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவள்! வாரியத்தின் வக்கீலும் கையை விரித்துவிட்டார். கூட்டம் முடிந்த பிறகு சொன்னது கணக்கில் சேராதாம். அடுத்த மாதம் கேட்கலாமா என்றால், அது அடுத்த கூட்டம் இல்லையாம்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் திருவிழாவாக இருந்தது. பெரியவர்களும் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினார்கள். டெல்ஃபின் யாரையும் பார்க்காமல் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டாள். கிரேடி கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர், நேராக ராமோனாவிடம் போய்க் கையை நீட்டினார். "உங்களை மாதிரி அக்கறையுள்ள பெற்றோர்தான் இந்த ஊருக்கு வேணும். பார்த்துப் போங்க, ரோடு வழுக்குது." அவளும் கை கொடுத்தாள்.

அவர் போனதும் ராமோனா என்னிடம் ஓடி வந்தாள். "பார்த்தியா? அவனே பயந்துட்டான்! கூட்டத்தையே நடத்த விடலை நாங்க!"

நான் சொன்னேன். பிப்ரவரியில் காரில் கேட்டதிலிருந்து ஒவ்வொன்றாக, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சுற்றி நின்றவர்களின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. டி-ஷர்ட்டின் மேல் கோட்டை இழுத்து ஒருத்தி பட்டன் போட்டுக்கொண்டாள்.

"அப்ப முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் ராமோனா.

"சொல்லத்தான் எழுந்து நின்னா. நீ விட்டியா?"

அவள் கார் அருகே போய்க் கண்ணாடியைத் தட்டினாள். டெல்ஃபின் கண்ணாடியை இறக்கினாள். ஒரு மாதம் ஊர் வசவையெல்லாம் வாங்கிய முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"பிள்ளைங்க குளிர்ல நிக்குதுங்க, ராமோனா" என்றாள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. நாளைக்கு ஸ்கூல் இருக்கு."

"ஜூன் வரைக்கும் இருக்கு" என்றேன் நான்.

ராமோனா அழத் தொடங்கினாள். அவளைத் தேற்ற எனக்கு மனசு வரவில்லை.