முதல் கேள்விக்கு ‘இல்லை’

2005இல் என் கணவர் ஆண்டனிராஜும் அவர் நண்பர் நூர் அகமதுவும் திண்டுக்கல்லில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டுக் கணினி விற்றார்கள். ஒட்டன்சத்திரத்தில் பொன்னுத்துரையின் காய்கறி மண்டிதான் முதல் பெரிய ஆர்டர். அவருக்குப் பிடித்தால் மற்ற மண்டிகளும் வாங்கும். இல்லையென்றால் கடையை மூட வேண்டியதுதான்.

சண்டை ஃபயர்வால் பற்றி. வெளியிலிருந்து கணினிக்குள் எதுவும் நுழையாமல் மறிக்கும் காவல் அது. விற்கும்போதே மறித்துக் கொடுப்பதா, திறந்துவிட்டுக் கொடுப்பதா?

“திறந்து விடு மாப்ளே. எடை மேசையிலருந்து ஆபீஸ் பிரிண்டருக்குச் சீட்டு போகலைன்னா கேரளா லாரி நின்னுரும்” என்றார் நூர்.

“உன் வீட்டுக் கதவையும் இப்படித்தான் திறந்து போட்டுட்டு வாரியா?” என்றார் இவர்.

“எங்க வீட்டுல திருட என்னலே இருக்கு? நீ மாட்டிக் குடுத்த கம்ப்யூட்டர்தான். அதை எவனும் தொட மாட்டான்.”

கடைசியில், மூடியே கொடுப்பது, முதன்முறை போடும்போது கணினியே கேட்டுக்கொள்வது என்று முடிவானது. கேள்வியைத் தமிழாசிரியையான நான் எழுதினேன்: ‘பக்கத்துக் கணினிகள் இந்தப் பிரிண்டரைப் பயன்படுத்தலாமா?’

சனிக்கிழமை மாட்டினார்கள், நானும் போயிருந்தேன். லாரி தயாராக நின்றது. சீட்டு வரவில்லை. பொன்னுத்துரை ‘இல்லை’யை அமுக்கியிருந்தார்.

“ஏங்க ‘இல்லை’ன்னு போட்டீங்க?” என்றார் இவர்.

“ஏனுங்க, முதல்ல கேட்டதுக்கே சரின்னு சொன்னா மண்டி நடத்த முடியுங்களா? மறுக்கா கேக்கும்னு பாத்தேனுங்க.”

நூர் தலையில் கைவைத்தார். “இப்பவாவது திறந்து விடுலே.”

“மாட்டேன். மறுக்கா கேக்க வைக்கிறேன்.”

வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து நிரலை மாற்றி எழுதினார். எடை மேசைக் கணினி சீட்டு அனுப்பியதும் ஆபீஸ் கணினியில் அதே கேள்வி மறுபடி வந்தது. பொன்னுத்துரை “இது முறை” என்று ‘ஆம்’ அமுக்கினார். லாரி கிளம்பியது. அந்த வருடம் எத்தனையோ மண்டிகள் வாங்கின. எல்லோருமே முதலில் ‘இல்லை’தான்.

போன தவக்காலத்தில் மாரடைப்பில் என் கணவர் போய்விட்டார். சென்ற வாரம் பள்ளிக்குக் கணினி வாங்க நூர் கடைக்குப் போனேன். போட்டதும் என் வாக்கியம் வந்தது. ‘இல்லை’ கொடுத்தேன். பக்கத்து மேசைக் கணினியிலிருந்து ஒரு பக்கம் அச்சுக்கு அனுப்பினேன்.

கேள்வி திரும்ப வந்தது.

“திறந்து விடச் சொல்லி இன்னும் கேக்கத்தான் செய்றாங்க தங்கச்சி” என்றார் நூர். “அவன் வச்சது வச்சபடிதான் இருக்கும்.”

நான் ‘ஆம்’ அமுக்கினேன்.