மௌனம், வெள்ளி பகல் பன்னிரண்டு வரை

மூன்று சொற்களைக் காணவில்லை. ததேயா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். முப்பத்தோராம் பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை படித்தாள். பிறகு கணினியைத் தேடச் சொன்னாள். அது ஒரு நொடி யோசித்துவிட்டு, அப்படி எதுவும் இந்த ஆவணத்தில் இல்லை என்று கைவிரித்தது. முன்னுரையில் தேடினாள், பின்னிணைப்பில் தேடினாள். ஜன்னலுக்கு வெளியே, நான்கு மாடி கீழே, ரவுண்டானாவைத் தோண்டும் எந்திரம் காலை எட்டிலிருந்து உறுமிக்கொண்டிருந்தது. அதை எதற்காகத் தோண்ட ஆரம்பித்தார்கள் என்பது பிரஸ்ஸல்ஸில் இப்போது யாருக்கும் நினைவில் இருப்பதாகத் தெரியவில்லை. மேஜை மேலிருந்த காப்பிக் கோப்பை அந்த அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து விளிம்புக்கு வந்திருந்தது. அதை இழுத்து வைத்துவிட்டு மணி பார்த்தாள். பத்தடிக்க ஐந்து நிமிடம்.

பன்னிரண்டு மணிக்கு மௌனம் முடிகிறது. இந்த ஊரில் மௌனத்துக்கும் கெடு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் இருபத்தேழு நாடுகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து இழுபறி செய்த ஒரு வாசகத்தை, தலைமை ஏற்றிருக்கும் நாடு கடைசியாக ஒருநாள் எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும். சொன்ன நேரத்துக்குள் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் எல்லோருக்கும் சம்மதம். கை தூக்க வேண்டாம், கையெழுத்து வேண்டாம். ஒரே ஒரு நாடு ‘மௌனத்தைக் கலைக்கிறோம்’ என்று ஒரு வரி எழுதினால் போதும், முழுப் பொதியும் மறுபடி அவிழ்ந்துவிடும். தாராளமாக எழுதலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் எழுதியவரை அடுத்த ஆறு மாதத்துக்கு ஒருவரும் காப்பிக்குக் கூப்பிடமாட்டார்கள். பெரிய நாடுகள் அதைத் தாங்கும். ததேயாவின் ஸ்லோவீனியா போன்ற சின்ன நாட்டுக்குப் பாதி வேலை நடப்பதே காப்பிக் கடையில்தான்.

வாசகம் உதவிப் பணத்தைப் பற்றியது. ஐரோப்பா ஏழை நாடுகளுக்குக் கொடுக்கும் பணம் இத்தனை காலம் பல பைகளில் கிடந்தது. ஒவ்வொரு பைக்கும் ஒரு சாவி, ஒரு விதி, ஒரு கட்டு படிவம். அதையெல்லாம் ஒரே பையில் கொட்டிப் புது விதி எழுதுவதுதான் சீர்திருத்தம். சும்மா கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு இனி ஜாமீன் நிற்போம். நாம் ஒரு யூரோவுக்கு ஜாமீன் நின்றால் தனியார் வங்கிகள் ஐந்து யூரோ கொண்டுவரும். சூரிய மின்நிலையம் வரும், துறைமுகம் வரும். ததேயாவுக்கு இதில் பெரிதாகக் குறை சொல்லத் தோன்றவில்லை. பழைய பைகளின் படிவங்களை மலாவியில் உட்கார்ந்து மூன்று வருடம் நிரப்பியவள் அவள். அவை ஒழியட்டும் என்று முதலில் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. ஒரே ஒரு இடம்தான் இடித்தது. நர்ஸ் சம்பளத்துக்கு எந்த வங்கி பணம் போடும்? அதிலிருந்து என்ன திரும்பி வரப்போகிறது? அதனால்தான் மானியம் பற்றிய பிரிவில் மூன்று சொற்களைச் சேர்க்கச் சொல்லி எட்டு மாதம் மல்லுக்கட்டினாள். செவிலியர் ஊதியம் உட்பட. அவ்வளவுதான்.

ஒத்துவராத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவைப்பது இங்கே வழக்கம். குறி இருக்கும்வரை சண்டை தீரவில்லை என்று பொருள். அவளுடைய மூன்று சொற்களும் எட்டு மாதம் அந்தக் கூண்டுக்குள் கிடந்தன. சம்பளம் கொடுப்பது அந்தந்த அரசின் வேலை, நாம் எத்தனை வருடம் கொடுத்துக்கொண்டிருப்போம் என்று கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தக் கேள்விக்கு அவளிடமும் முழுப் பதில் இருந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொருவராக வழிக்கு வந்தார்கள். செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாடு இல்லாமல் மூன்று மணிவரை இழுத்த கூட்டத்தில், கடைசியாக எதிர்த்துக்கொண்டிருந்த மனிதரும் தோளைக் குலுக்கிவிட்டு ஒலிவாங்கியை அணைத்தார். தலைவர் ததேயாவைப் பார்த்தார். பசி, களைப்பு, ஜெயித்துவிட்டோம் என்ற கிறுகிறுப்பு, போதாததற்குத் தன்னுடையதல்லாத ஆங்கிலம். அடைப்பை எடுத்துவிடலாம் என்றாள். எழுந்து வெளியே வரும்போது எதிர்த்தவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்களுடையது பெரிய மனசு என்றார். தோற்றவர் நாகரிகமாகத் தோற்கிறாரே என்று அவள் பூரித்துப்போனாள். அவர் எதற்கு நன்றி சொன்னார் என்பது இப்போதுதான் உறைத்தது. அடைப்பை எடுத்தவர்கள் அதற்குள் இருந்ததையும் சேர்த்து எடுத்திருந்தார்கள்.

புதன் மாலையே வாசகம் வந்துவிட்டது. வியாழக்கிழமை அவள் அதைத் திறந்து, பக்கத்துப் பால்கன் நாடுகளைப் பற்றித் தன் அரசு கேட்டிருந்த பத்தி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று தலைநகர் லுப்ல்யானாவுக்கு எழுதினாள். தான் பெற்ற மூன்று சொற்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று எட்டிப்பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அந்த நினைப்பில் அவளுக்கு முகம் சுட்டது.

அதைவிடக் கேவலம் கைபேசியில் இருந்தது. செவ்வாய் மாலை டிராமில் நின்றபடியே, ‘உள்ளே வந்தாச்சு’ என்று தமந்தானிக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். மலாவியில் ஷிரே ஆற்றங்கரையில் ஒரு பிரசவ விடுதியை நடத்துபவள் தமந்தானி. கட்டடம் ஐரோப்பியப் பணம், கட்டில்கள் ஐரோப்பியப் பணம், மூன்று நர்ஸ்களில் இரண்டு பேருக்குச் சம்பளம் பழைய பைகளில் ஒன்றிலிருந்து வந்தது. அந்தப் பை டிசம்பரோடு மூடுகிறது. தமந்தானி பதிலுக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். ததேயா அதை ஏற்கெனவே நான்குமுறை கேட்டிருந்தாள். இப்போது ஐந்தாம் முறை, காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள்.

“அக்கா, ரெண்டு நர்ஸ் பிள்ளைங்ககிட்டயும் சொல்லிட்டேன். எலூபே பட்டணத்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டிருந்தா. அவங்க வரச் சொல்லிட்டாங்களாம். இவ வரலைன்னு சொல்லிட்டா. இனிமே எங்கயும் போகமாட்டேங்கறா. நீ நல்லா இருக்கணும் அக்கா.”

ததேயா கோட்டைக்கூட மாட்டிக்கொள்ளாமல் ரவுண்டானாவைச் சுற்றி ஓடினாள். ஃபின்டன் கூட்ட மண்டபத்துக் காப்பிக் கடையில் நின்றுகொண்டிருந்தான். வாசகத்தைத் தட்டச்சு செய்து, குறி போட்டு, குறி எடுக்கும் செயலக ஆள். அயர்லாந்துக்காரன். கூட்ட அறையில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பெற்ற ஓரிருவரில் அவன் ஒருவன். அவன் பேசும் ஆங்கிலம்தான் அங்கே யாருக்கும் புரியாது. அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும்வரை கோப்பையைக் கீழே வைக்காமல் கேட்டான்.

“அடைப்பை எடுத்துடலாம்னு நீதானே சொன்னே?”

“அடைப்பைத்தான் சொன்னேன். வார்த்தையைச் சொல்லலை.”

ஃபின்டன் தன் குறிப்பேட்டைப் புரட்டிக் காட்டினான். அவன் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: ஸ்லோவீனியா விட்டுக்கொடுத்தது. கூட்டத்தில் இருந்த எல்லா நாட்டுக்காரர்களும் இப்படித்தான் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள் என்றான். எட்டு மாதம் பிடிவாதமாக இருந்தவள் கடைசியில் இறங்கி வந்துவிட்டாள் என்று தனக்கே வருத்தமாக இருந்ததாம். மௌனத்தைக் கலைப்பதைத் தவிர வழியே இல்லையா என்று கேட்டாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

“ஒண்ணு இருக்கு. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதே. கலைக்கறோம்னு எழுதாதே, பிழை திருத்தம்னு எழுது. யார் பிழைன்னும் எழுதணும். செயலகத்துப் பிழைன்னா தலைவர் ஒத்துக்கமாட்டார், அது பொய். உன் பேரைப் போட்டு, நான்தான் தப்பா சொல்லிட்டேன்னு எழுது. இருபத்தாறு பேருக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. பன்னெண்டு வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடலைன்னா வார்த்தை உள்ளே வந்துடும். ஒருத்தர் வேணாம்னாலும் பொதி அவிழும். உன் பேராலதான் அவிழும், அதையும் தெரிஞ்சுக்கோ.”

கோராஸ்த் தன் அறையில் பேனாக்கத்தியால் ஆப்பிளை வகிர்ந்துகொண்டிருந்தார். ஸ்லோவீனியத் தூதருக்கு அடுத்தபடி அவர்தான். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு, யாரையும் கடிந்துகொண்டு அவள் பார்த்ததில்லை. கடிந்துகொண்டால் தேவலை என்று இன்றைக்குத் தோன்றியது. அவர் மேஜைமேல் நீலக் கோப்பு ஒன்று இருந்தது. அதில் அவளுடைய பணி நீட்டிப்புத் தாள், இன்னும் இரண்டு வருடம், மகள் ஹானா இங்கேயே பள்ளிப் படிப்பை முடிக்கப் போதுமான இரண்டு வருடம், கையெழுத்துக்குக் காத்திருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். அவர் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. அவள் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு ஒரு துண்டு ஆப்பிளைக் கத்தி முனையில் நீட்டினார். அவள் வேண்டாம் என்றாள்.

பால்கன் பத்திக்காக அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் சேர்ந்து ஐந்து வருடம் அலைந்ததை அவர் நினைவுபடுத்தினார். பொதி அவிழ்ந்தால் முதலில் தரையில் விழப்போவது அந்தப் பத்திதான் என்றார். அது உண்மை என்று அவளுக்கும் தெரியும். பக்கத்து நாட்டு மனிதர்கள் மனிதர்கள் இல்லையா என்று அவர் கேட்கவில்லை. அதை அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டாள்.

“கலைக்கறதா இல்லைங்க. என் தப்பை நானே ஒத்துக்கறேன், அவ்வளவுதான்,” என்றாள்.

“தப்பு உன்னோடதும்மா. ஆனா நாற்காலி நம்ம நாட்டோடது. அதுல உக்காந்துகிட்டு நான் உளறிட்டேன்னு இருபத்தாறு பேருக்கும் எழுதுவியா?” கத்தியைத் துடைத்து மடக்கினார். “சும்மா இரு, ததேயா. இன்னைக்கு நமக்கு இருக்கற வேலையே சும்மா இருக்கறதுதான். பன்னெண்டுக்கு அப்புறம் வா, சாப்பிடப் போகலாம்.”

சும்மா இருக்கத்தான் அவளால் முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைத் திறந்து எந்திரத்தின் சத்தத்தை உள்ளே விட்டாள், பிறகு மூடினாள். ஹானாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள். பதினாறு வயதில் லுப்ல்யானாவுக்குத் திரும்பிப்போய்ப் புதுப் பள்ளி, புது நண்பர்கள். அந்தப் பெண் ஒரு வாரம் பேசமாட்டாள், அப்புறம் பேசுவாள். எலூபேவை நினைத்துப்பார்க்க முயன்றாள். நேரில் பார்த்ததில்லை, முகம் வரவில்லை. வேலைக்கு வரவில்லை என்று எழுதி அனுப்பிய ஒரு கை மட்டும் வந்தது. பதினொன்று இருபதுக்கு எழுத ஆரம்பித்தாள். மறுபடி ஆங்கிலத்தில் தடுக்கி விழக்கூடாதென்று முதலில் தன் மொழியில் எழுதினாள். செவ்வாயன்று அடைப்பை எடுக்கச் சொன்னது நான்; குறியை மட்டுமே குறித்தேன், சொற்களை அல்ல; தவறாகச் சொன்ன பிழை என்னுடையது, வேறு யாருடையதும் அல்ல; முப்பத்தோராம் பக்கத்தில் கீழ்க்காணும் மூன்று சொற்களைத் திரும்பச் சேர்க்கக் கோருகிறேன். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றினாள். பெறுநர் பட்டியலில் கோராஸ்தின் பெயரையும் சேர்த்தாள். ஒளித்துச் செய்ய அவளுக்கு இஷ்டமில்லை. பதினொன்று நாற்பத்தொன்றுக்கு அனுப்பினாள்.

அனுப்பிய கணத்தில்தான் அது புரிந்தது. காலையிலிருந்து எந்த மௌனத்தை நினைத்துப் பயந்தாளோ, இனி அதே மௌனம்தான் வேண்டும். யாரும் எழுதக்கூடாது. இருபத்தாறு பேரும் இன்னும் பத்தொன்பது நிமிடத்துக்கு எங்கேயாவது தொலைந்துபோக வேண்டும், பல் மருத்துவரிடம் போக வேண்டும், கைபேசியை வண்டியில் விட்டுவிட வேண்டும்.

உடனே ஒரு மின்னஞ்சல் வந்தது. அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். விடுமுறையில் இருக்கிறேன், திங்களன்று பதில் தருகிறேன் என்று ஒரு தானியங்கிப் பதில். அடுத்தும் அதேபோல் ஒன்று. மூன்றாவது, கேண்டீனிலிருந்து, இன்றைக்கு மீன் என்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுதுவிடுவோம் என்று அடக்கிக்கொண்டாள். ஐம்பது. ஐம்பத்திரண்டு. செவ்வாயன்று கை குலுக்கிய மனிதர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்? படித்திருப்பார். நிச்சயம் படித்திருப்பார். அவர் எதையும் இரண்டுமுறை படிக்கிற ஆள். தேவையானால் அவருக்கு ஒரு வரி போதும்.

பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது கீழே எந்திரம் நின்றது. எட்டு மணியிலிருந்து அதிர்ந்துகொண்டிருந்த மேஜை, கண்ணாடி, கோப்பை எல்லாம் ஒரேயடியாக அடங்கின. கட்டடத்துக்கே காதடைப்பு விட்டதுபோல் இருந்தது. எங்கோ மாடிப்படியில் யாரோ இருமுவது கேட்டது. நடைவழியின் கடைசியில் கோராஸ்தின் கதவு திறந்தது. அவருடைய கனத்த நடை, வழக்கம்போல் மெதுவாகத்தான், இந்தப் பக்கம் வரத் தொடங்கியது. ததேயா திரையைப் பார்க்காமல் ஜன்னலுக்குப் போனாள்.

ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் குழியின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் எழுந்து நின்றான். குழிக்கு அந்தப் பக்கம் இருந்த யாரையோ கூப்பிட, இரண்டு கைகளையும் வாயருகே குவித்தான். நான்கு மாடிக்கு மேலே, கண்ணாடிக்குப் பின்னால், ததேயாவின் விரல் தானாகப் போய் உதட்டின்மேல் நின்றது.