சக்கரச் செருப்பும் மடித்துக் கட்டிய முண்டும்

கோட்டாற்றுக் கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிற இந்த மைதீன் கனிக்கு, மனுஷன் விழுவதற்கென்றே உடுப்புத் தைக்கிற யோகமும் ஒருநாள் வாய்த்தது. முப்பத்திரண்டாம் வருஷம். எங்கள் ஊர்ப் பயல் கபிரியேல் வந்து நின்றான், கையில் ஒரு ஜோடி சக்கரச் செருப்பு. இரும்புத் தகட்டின் அடியில் நாலு சக்கரம். பூட்ஸின் மேல் வாரால் கட்டிக்கொண்டு வழுக்கிப் போகவேண்டுமாம்.

மலையடிவாரத்து ரப்பர் தோட்டத்துத் துரையின் மகனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. அவன் கையைப் பிடித்துக் கூட ஓட ஓர் ஆள் வேண்டும். தோட்டத்துக் கிடங்கின் சிமெண்டுத் தரையில் விழாமல் ஒரு சுற்று வருகிறவனுக்கு அந்த வேலை. வேலை கிடைத்தால்தான் கபிரியேலுக்கு ரீத்தா. அவள் அப்பா, கருவாட்டு வியாபாரி இஞ்ஞாசி, "வேலையோட வா, பிள்ளையத் தாறேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பயல் சோறு இறங்காமல் மெலிந்து கிடந்தான்.

"எலும்பு ஒடியாம இருக்க ஒரு உடுப்பு தைக்கணும் அண்ணாச்சி."

செய்வதைத் திருந்தச் செய்கிறவன் நான். முழங்காலுக்கும் முழங்கைக்கும் இலவம்பஞ்சு அடைத்த பட்டை. பின்பக்கத்துக்கு ஒரு குட்டித் தலையணை. தலைக்குப் பஞ்சு வைத்த தொப்பி. கைக்குக் கித்தான் உறை. பூட்ஸை மட்டும், வளர்கிற பிள்ளைக்கு வாங்குகிற மாதிரி, பெரிதாக வாங்கி வந்திருந்தான். கணுக்கால் ஆடினால் தொலைந்தாய் என்று திட்டி மாற்ற வைத்தேன். கடைசியில் கால்சட்டைக்கு அளவெடுக்கப் போனால் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு துள்ளி விலகினான்.

"கால்சட்டை வேண்டாம். முண்டு போதும்."

"லேய், உனக்குக் கிறுக்கா? சக்கரத்துல துணி சுத்துனா என்ன ஆகும்?"

"இஞ்ஞாசி மாமாவும் பாக்க வாறாரு அண்ணாச்சி. கால்சட்டையப் போட்டுட்டு நின்னா, அவரு வரும்போ நான் எதை இறக்கி விடுவேன்? மரியாத தெரியாத பயன்னு சொல்லமாட்டாரா?"

பெரியவர்களைக் கண்டதும் மடித்துக் கட்டிய முண்டை இறக்கிவிடாதவனுக்கு எங்கள் ஊரில் யார் பெண் கொடுப்பார்கள்? எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"சரி, முழங்காலுக்கு மேல இறுக்கி மடிச்சுக் கட்டு. அவரு வந்தா மொதல்ல நில்லு, பொறவு இறக்கு" என்றேன்.

ஓடிக் காட்டவேண்டிய அன்றைக்கு நானும் கிடங்குக்குப் போனேன். தைத்தவனுக்குப் பார்க்க ஆசை இருக்காதா? போட்டிக்கு வந்திருந்த மரியான், கால்சட்டைக்காரன், தத்தித் தடுமாறி எப்படியோ ஒரு சுற்று வந்து சேர்ந்தான். அடுத்தது கபிரியேல். அடேயப்பா, என்ன ஓட்டம்! துரைமகன் எழுந்து நின்று கைதட்டினான். முக்கால் சுற்று முடிந்தபோது இஞ்ஞாசி வாசலில் தலையைக் காட்டினார்.

நில்லு என்று நான் கத்துவதற்குள் கபிரியேலின் கை தானாக இடுப்புக்குப் போய்விட்டது. முண்டு இறங்கியது, சக்கரத்தில் சுற்றியது. ஆள் குப்புற விழுந்து, சறுக்கிக்கொண்டே போய் இஞ்ஞாசியின் காலடியில் கிடந்தான்.

ஓர் எலும்பு ஒடியவில்லை. என் தையல் அப்படி.

பார்த்துக்கொண்டிருந்த துரை மரியானைக் கைகாட்டிவிட்டுப் போனார். கபிரியேல் கிடந்த கிடையிலேயே அண்ணாந்து, "மாமா, ஒங்களக் கண்டுதான்..." என்றான்.

"மரியாத இருக்கு மக்கா" என்றார் இஞ்ஞாசி. அவருக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. "வேல இல்லையே."

கிறிஸ்துமஸ் கழிந்ததும் ரீத்தாவுக்கு நிச்சயமானது, மரியானோடு. மாப்பிள்ளைக்குக் கல்யாணக் கால்சட்டை தைக்க இஞ்ஞாசியே என் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் நின்றுகொண்டிருக்க, கடையில் இருந்த ஒரே முக்காலியில் மரியான் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மருமவன் கொஞ்சம் எழும்ப மாட்டாரோ?" என்று கேட்டேவிட்டேன்.

"அவரு உத்தியோகக்காரர்லா" என்றார் இஞ்ஞாசி, பெருமையாக.