பத்து நிமிடச் சிவப்பு

அந்த மதியம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நான் வேலை செய்யும் கோழிப்பண்ணையிலிருந்து கொண்டுவந்த சிவப்பு பல்பை மனைவியின் வலது தோளுக்கு மேலே தொங்கவிட்டேன். சுவர், தலையணை, அவள் கழுத்து எல்லாம் ஒரே நிறமாயின. நேரம் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது போலிருந்தது.

அவள் அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள். மூன்று மாதமாகத் தோள் இறுகிப்போய், கை மார்புக்கு மேலே எழவில்லை. அடுத்த மாதம் முடிவதற்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வதாக முதலாளியம்மா சொல்லிவிட்டார். சிவப்பு ஒளி வலிக்கு நல்லது என்று இவள் எங்கோ படித்திருந்தாள். நான்தான் பெரிய மேதாவி மாதிரி, "நம்ம பண்ணையில இல்லாத சிவப்பு பல்பா?" என்றேன்.

குஞ்சுகளுக்கு பல்பு கட்ட எங்களுக்கு அளவுகோல் கிடையாது. குளிர்ந்தால் அடியில் வந்து குவியும், சுட்டால் விலகி ஓடும். அதைப் பார்த்துத்தான் ஏற்றி இறக்குவோம். அவளையும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. சரியான உயரம்தான் என்று நிம்மதியாகத் தேநீர் போடப் போனேன். அவள் தூங்கிப்போயிருந்தாள் என்பது தோளில் கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது.

"சுடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"கனவுல எங்கயோ மணல்ல படுத்திருந்தேங்க. நல்ல வெயிலு. எழுந்திரிக்கவே மனசு வரல."

அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

புண் ஆறியதும் விளக்குக் கடைக்குப் போனோம். நடந்ததைச் சொன்னதும் கடைக்கார அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"அது சூடு குடுக்குற பல்புங்க. இது எல்.இ.டி. அட்டையில அறுநூத்தி அறுபது நானோமீட்டர்னு போட்டிருக்கு பாருங்க. ஒரு முழம் தள்ளி, பத்து நிமிஷம், அவ்வளவுதான். கண்ணுக்கு இந்தக் கண்ணாடி. தூங்க மட்டும் விட்டுறாதீங்க."

மருத்துவரிடமும் கேட்டோம். செய்து பாருங்கள், குணமாகும் என்று வாக்குத் தரமாட்டேன், கைப்பயிற்சியை விடாதீர்கள் என்றார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் சிவப்பு. அவள் தூங்கிவிடாமலிருக்க நான் வாய் ஓயாமல் பேசவேண்டும். "நீங்க பேசுனாத்தாங்க எனக்குத் தூக்கமே வருது" என்பாள். அலாரம் அடித்து விளக்கை அணைத்ததும், சிவப்பையே பார்த்திருந்த கண்ணுக்கு அறை கொஞ்ச நேரம் லேசான பச்சையாக மிதக்கும். அந்தப் பச்சையில் அவள் கைப்பயிற்சிக்காகச் சுவரோரம் போய் நின்று விரல்களைச் சுவரில் மெல்ல மேலே நகர்த்துவாள். பல்லைக் கடித்துக்கொள்வது எனக்குக் கேட்கும்.

முதலாளியம்மா சொன்ன மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. விளக்கை அணைத்ததும் என்னை உயரமான முக்காலியில் உட்காரச் சொன்னாள். பின்னால் வந்து நின்றாள். சீப்பு என் பிடரியைத் தொட்டு, காது வரை ஏறி, அங்கேயே நடுங்கியது. பொறுக்காமல் தலையைத் தாழ்த்தினேன்.

"குனியாதீங்க" என்றாள்.

நிமிர்ந்தேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சீப்பின் பற்கள் காதைத் தாண்டி, ஒவ்வொரு மயிராக, மேலே நகர்ந்துகொண்டிருந்தன.